எட்டாம் வகுப்பு இல்லாத பிள்ளைகளோடு மதுரையைச் சுற்றி

27 மார்ச் 2025, வியாழன்: கீழக்குயில்குடி

சுற்றுலாவுக்கு முதலில் கொடைக்கானல் என்றார்கள் எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள். பிறகு ஊட்டி என்றார்கள். செவ்வாய்க்கிழமை பிளஸ் டூ இயற்பியல் தேர்வு முடிந்தது. அன்று மாலையே பெற்றோர்கள் கூடிப் பேசி இரண்டையும் அடித்துவிட்டார்கள். இரவு வெளியே தங்கக் கூடாது. பெண் பிள்ளைகளை அனுப்ப வேண்டுமென்றால் தாவரவியல் டீச்சர் கூடப் போக வேண்டும். பையன்களை அனுப்ப வேண்டுமென்றால் தமிழையா போக வேண்டும். அந்தத் தமிழையா நான்தான். இடது முழங்கால் எப்போது மக்கர் செய்யும் என்று தெரியாத ஆள். திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பி, இரவில் அவரவர் வீட்டில் போய்ப் படுக்கிற மாதிரி மதுரையைச் சுற்றி மூன்று நாள் என்று முடிவானது. தலைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். வகுப்பில் முப்பத்திரண்டு பேர், வந்தது இருபத்தாறு. நான் எழுதலாம், ஆனால் பெயரும் படமும் போடக் கூடாது என்பது பிள்ளைகளின் நிபந்தனை.

வேனில் ஏசி உண்டு என்று சொல்லித்தான் வாடகை பேசியிருந்தார்கள். ஏசி இருந்தது. சத்தமும் வந்தது. காற்று மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "வண்டி ஓட ஓடக் குளிரும் சார்" என்றார் டிரைவர். மூன்று நாளும் ஓடியது.

சமணர் மலை எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், கருப்பசாமி கோயில். இருபத்தாறு பேரில் இதற்கு முன் வந்தவன் ஒருவன்தான், அதுவும் அந்தக் கோயிலில் கிடா வெட்டுக்கு. மலையில் என்ன இருக்கிறது என்று அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லையாம். கறி வேகிற நேரத்தில் மலையைப் பார்க்கிறவன் யார்?

முதலில் செட்டிப்பொடவு. குகைக்குப் பக்கத்துப் பாறையில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே வளைந்த கூரைக்குக் கீழே சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வருகிறவனோடு வில்லேந்திப் போரிடுகிற ஒரு இயக்கி, அதாவது சமணப் பெண்தெய்வம். சமணம் என்றால் கொல்லாமை என்று பத்தாம் வகுப்பிலிருந்து நான் சொல்லிக் கொடுத்ததற்கு அங்கேயே விளக்கம் கேட்டார்கள். தாவரவியல் டீச்சர் சட்டென்று ஒரு செடியைக் காட்டிப் பேச்சை மாற்றிக் காப்பாற்றினார்.

பிறகு பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி. ஒன்பதரை மணிக்கே கம்பியில் கை வைக்க முடியவில்லை. மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஒவ்வொருவருக்கும் கீழே வட்டெழுத்து. எனக்கு வட்டெழுத்து வாசிக்க வராது. கல்வெட்டு வாசகங்களைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஓர் உருவத்தை அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்திருக்கிறார். இந்த மலைக் கல்வெட்டுகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி திரும்பத் திரும்ப வருகிறது. இன்னாருடைய மாணாக்கர், அவருடைய மாணாக்கர் என்று பெயர்கள் போகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் காரியாபட்டிப் பக்கம் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஆட்கள் இவர்கள் என்றேன்.

கபடி ஆடுகிறவன் கையைத் தூக்கினான். "ஐயா, அவர்கள் எழுதினால் கல்வெட்டு, நாங்கள் பெஞ்சில் எழுதினால் ஐம்பது ரூபாய் அபராதமா?"

பெஞ்சு அரசாங்கச் சொத்து என்றேன். மலையும் அரசாங்கச் சொத்துதானே என்றான். சிலைகளுக்குப் பக்கத்துப் பாறையில் இந்தக் காலத்துக் காதலர்கள் இதயம் போட்டுக் கீறி வைத்திருந்ததைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவனே, "இவர்களுக்கு ஐம்பது போதாது" என்றான். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

ஒரு பையன் நோன்பு வைத்திருந்தான். பயணத்தில் விட்டுவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, இத்தனை நாள் வைத்துவிட்டு இப்போது ஏன் விட வேண்டும் என்றான். அவன் கண்ணில் படாமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மற்றவர்கள் பாறைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து குடித்தார்கள். அதில் ஒருத்தி வழுக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். அவன் எரிச்சலோடு, "என் முன்னால் குடித்துத் தொலையுங்கள், நான் ஒன்றும் சாக மாட்டேன்" என்றான்.

மதியம் ஆலமரத்தடியில் கட்டுச்சோறு. இருபத்தாறு வீட்டில் இருபது வீடு புளிச்சோறு. வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மாள் மூன்று பிஞ்சு இருபது ரூபாய் என்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்தவர்கள் என்று தெரிந்ததும் விலையைக் குறைக்கவில்லை; மிளகாய்ப்பொடி மட்டும் கூடுதலாகத் தடவிக் கொடுத்தார்.

திரும்பும்போது வேனில் வகுப்புத் தலைவி ஒரு போட்டி வைத்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. சத்துணவு முட்டையைப் பந்தயத்துக்கு வைத்தது, கஜா புயல் சமயத்தில் வேப்பமரம் முறிந்து சைக்கிள்கள் மேல் விழுந்தது. ஏழாம் வகுப்பு, மார்ச் மாதத்தோடு நின்றது. எட்டாம் வகுப்பு என்றதும் பேச்சில்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி 2021 செப்டம்பர் 1 அன்று இவர்களுக்குத் திறந்தபோது இவர்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரியும். பாதிப் பையன்களுக்குக் குரல் உடைந்திருந்தது. வருகைப்பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று யார் சொன்னது என்று தெரியாமல் நான் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எட்டு கிடையாது, ஒன்பதுக்குப் போ" என்று பின் இருக்கையிலிருந்து ஒருவன் சொல்ல, அவள் ஒன்பதுக்குப் போய்விட்டாள்.

ஆறரை மணிக்குத் திருமங்கலத்தில் ஒரு பள்ளிவாசல் பக்கம் வேனை நிறுத்தச் சொன்னோம். நோன்பாளி ஓடினான். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் அவனோடு எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். வேனில் எல்லாரும் என்று இவன் சொல்லியிருக்கிறான். ஒரு வாளி நிறையக் கஞ்சி வந்தது, மேலே புதினா வாசனையோடு. டம்ளர் போதாமல் டிபன் பாக்ஸ் மூடியில் வாங்கிக் குடித்தார்கள். பணம் எவ்வளவு என்று கேட்கப் போன என்னைப் பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். பேசாமல் திரும்பி வந்தேன்.

28 மார்ச், வெள்ளி: கீழடி, மதுரை

கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுப் பாணி, நடுவே முற்றம். வெயிலுக்கு அந்தத் தாழ்வாரங்களே போதும் என்று தோன்றியது. பையன்கள் தந்தப் பகடைக்காயைச் சுற்றி நின்றார்கள். பெண் பிள்ளைகள் வட்டச்சில்லுகள் வைத்திருந்த பெட்டியை விட்டு நகரவில்லை. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள்; பாண்டி ஆட எங்கள் ஊரில் இப்போதும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆதன், குவிரன் என்று தமிழி என்கிற பழைய எழுத்தில் கீறிய ஓடுகளைக் கண்டதும் கபடிக்காரன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவர்களிடம் நான் சொல்ல நினைத்திருந்தது வேறொன்று. இந்திய தொல்லியல் துறை 2014இல் இங்கே வந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1970களில், இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் நிலத்தில் கிடைத்த பழைய பொருள்களைத் தங்கள் வரலாற்று ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அவரும் தூக்கிப் போடாமல் உரிய இடத்துக்குத் தெரிவித்திருக்கிறார். இதைச் சொன்னதும், "நாங்கள் கொண்டுவந்து கொடுத்த பாம்புச் சட்டையை நீங்கள் தூக்கிப் போடச் சொன்னீர்கள் ஐயா" என்று பதில் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது நடந்தது. மறக்கவே மாட்டார்கள்.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் போனோம். தூண்களைக் கட்டிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று கைகோத்துப் பார்த்தார்கள், புறாக்கள் மேலே எச்சமிட்டன, வெளியே வந்தோம். ஜிகர்தண்டா சிறிய கிளாஸ் நாற்பது ரூபாய். அதில் கடற்பாசி போடுவார்கள் என்று டீச்சர் விளக்கப் போய், பாசி என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு பேர் கிளாஸைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் தள்ளிவிட்டார்கள். தாவரவியல் படித்த பிள்ளைகள்!

மாலையில் மீனாட்சி கோயில். 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. ஒப்படைக்கிற வரிசையில் முக்கால் மணி நேரம் போனது. தரிசனம் முடிந்து பொற்றாமரைக் குளத்துப் படிகளில் உட்கார்ந்தோம். எதிரே தெற்குக் கோபுரம். படம் எடுக்க வழியில்லை, பார்க்கத் திரையும் இல்லை. வேறு வேலை இல்லாததால்தான் பேச்சு வந்தது என்று நினைக்கிறேன்.

வகுப்புத் தலைவிதான் மறுபடி ஆரம்பித்தாள். எட்டாம் வகுப்பு நமக்குக் கிடையாதா, அந்த வருடம் நாம் யாரும் உயிரோடு இல்லையா என்று கேட்டாள். அவளே முதலில் சொன்னாள். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கப் போவாளாம். சந்தை இல்லை, கல்யாணம் இல்லை, கோயில் இல்லை. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்று பறித்து, வரப்போரத்தில் கொட்டியிருக்கிறார்கள். "வரப்பு முழுக்க மணக்கும் ஐயா. எனக்கு இன்றைக்கும் மல்லிகை வாசனை ஆகாது." ஏழு ஆண்டில் அவள் ஒரு நாளும் தலையில் பூ வைத்து வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பக்கத்திலேயே உட்காரும் தோழிக்கும் காரணம் தெரியாது.

கபடிக்காரன் வீட்டில் இரண்டு ஆட்டை விற்று அவனுக்குப் போன் வாங்கியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கப் போன இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மேய்க்க ஆடு இல்லாததால் வகுப்புக்காக மட்டும் கரடு ஏறுவானாம். ஆட்டுக்கு ஏறியதுபோய்த் தமிழுக்கு ஏற வேண்டியதாயிற்று என்று அம்மா திட்டுவாராம். இரட்டைச் சடைக்காரியின் வீட்டில் ஒரே போன், அப்பாவிடம். அவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பதரை ஆகும். நான் அனுப்பிய குரல் பதிவுகளைப் போர்வைக்குள் வைத்துக் கேட்பாளாம். "பாதியில் தூங்கிவிடுவேன் ஐயா. உங்கள் குரல் அப்படி." எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

நோன்பு வைத்தவன், அத்தாவின் அத்தா அந்த வருடம்தான் இறந்தார் என்றான். பி.பி.ஈ. உடை போட்ட நான்கு பேர் எடுத்துப் போனார்கள். தெருவில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அதே தெருவில் இருக்கும் இரண்டு பேர் எங்களோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மெதுவாக, நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம் என்றான். அதற்கு அவன், தெரியும், உன் ஜன்னலை நானும் பார்த்தேன் என்றான். அவ்வளவுதான். இருவரும் அதற்கு மேல் பேசவில்லை, தள்ளியும் உட்காரவில்லை.

அந்த வருடத்துக்குப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்: தேர்ச்சி. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எதுவுமே சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளாக அவன் அப்படித்தான் என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

நோன்பு திறக்கப் போனவன் திரும்பியதும் கீழவாசல் பக்கம் ஒரு கடையில் பன் பரோட்டா. ஒன்று இருபத்தைந்து ரூபாய், சால்னா கேட்கக் கேட்க. இருபத்தெட்டுப் பேர் ஒரேயடியாகப் போய் நின்றதில் மாஸ்டருக்குக் கை ஓடவில்லை. உதவிக்கு இருந்த பையன் வேறு எங்கேயோ போயிருந்தான். எங்கள் கடைசி பெஞ்சு ஆள் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணே, உருண்டை இன்னும் ஊறவில்லை, அதுதான் கிழிகிறது" என்றான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வீசுவாயா என்று கேட்டார். இவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கை கழுவினான். எண்ணெயில் கிடந்த ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, இரண்டு விரலில் பிடித்துப் பலகையில் வீசினான். மாவு ஈரத்துணி மாதிரி விரிந்தது. சுற்றி மடித்துக் கல்லில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எந்தக் கடையில் இருந்தாய் என்று மாஸ்டர் கேட்டார். ஆண்டிப்பட்டிப் பக்கம், எட்டாம் வகுப்பு படிக்கும்போது என்றான். எவ்வளவு கொடுத்தார்கள்? நாளைக்கு நூற்றைம்பது, இரண்டு வேளைச் சாப்பாடு. அப்போது பார்சல் மட்டும்தான் ஓடியது என்றான். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. கணக்குச் சொல்கிற குரல்தான். பதின்மூன்று வயது என்று என் மனம் கணக்குப் போட்டது. அவன் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பி வந்ததே அதிசயம். இல்லம் தேடி யாரும் போனதால் அல்ல, பள்ளி திறந்த செய்தியைக் கடையில் கேட்டு அவனாகவே பஸ் ஏறி வந்தான் என்று பிறகு வேனில் சொன்னான். மாஸ்டர் எங்கள் கணக்கில் பத்துப் பரோட்டாவைக் கழித்துக்கொண்டார். வேண்டாம் என்றோம். "தம்பியின் கூலி" என்றார்.

29 மார்ச், சனி: அழகர்கோவில்

கிளம்பும்போதே அவனுக்கு 'மாஸ்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. எல்லாருக்கும் ஆறாம் வகுப்பிலேயே பட்டப்பெயர் உண்டு, இவனுக்கு மட்டும் பள்ளியே முடிந்த பிறகுதான் வாய்த்தது. கூப்பிட்டால் திரும்புகிறான். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் படுகிறது.

பங்குனி அமாவாசை என்பதைப் பயணத்திட்டம் போட்ட யாரும் காலண்டரில் பார்க்கவில்லை. பதினெட்டாம்படிக் கருப்பர் முன்னால் கால் வைக்க இடமில்லை. அங்கே உருவம் கிடையாது. சந்தனம் பூசிய மூடிய கதவுகளுக்குத்தான் மாலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதற்கும் வாயாடுவார்கள். கருப்பர் முன்னால் கபடிக்காரன்கூட அடங்கி நின்றான்.

அழகர்கோவில் தோசை வாங்கினோம். தோல் நீக்காத கறுப்பு உளுந்து, மிளகு, நெய். ஒன்றைப் பிய்த்து நான்கு பேர் தின்றாலும் வயிறு நிறையும். நம் மாஸ்டர் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வீசுகிற ஜாதி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் நடந்தோம். முழங்காலைப் பற்றி எழுதி யாரையும் சலிப்படைய வைக்கப் போவதில்லை. வழியெல்லாம் குரங்குகள். டீச்சரின் கைப்பையைத் திறந்து முறுக்குப் பொட்டலத்தோடு கண்ணாடிக் கூட்டையும் ஒன்று எடுத்துக்கொண்டது. முறுக்கைத் தின்றது, கூட்டைத் திறந்து பார்த்தது, பிடிக்காமல் பள்ளத்தில் போட்டது. கண்ணாடியின் விலை இரண்டாயிரத்து இருநூறு. ஔவையாருக்கும் முருகனுக்கும் நடந்த 'சுட்ட பழம்' கதையை நாவல் மரத்தடியில் வைத்து நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, டீச்சர் அந்தக் குரங்கைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். நூபுர கங்கையில் குளிக்க நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு இறங்கினோம்.

திரும்பும் வழியில் டயர் பஞ்சர். மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. டிரைவர் ஒரு லாரியை நிறுத்தி இரவல் கேட்கும்வரை ஒரு புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம். எதிரே ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று சுளை இருபது ரூபாய். ஒருவரே இத்தனை பேருக்கும் வெட்ட வேண்டியிருந்ததால் யாருக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் திருப்பூருக்கு வீடியோ அழைப்பு போட்டார்கள். வராத ஆறு பேரில் மூன்று பேர் நீட் பயிற்சியில், இரண்டு பேருக்கு வீட்டில் பணம் இல்லை, ஒருவன் இயற்பியல் தேர்வு எழுதிய மறுநாளே பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தான். பின்னால் துணி மூட்டைகள். நுங்கைக் காட்டி வெறுப்பேற்றினார்கள். அவன் தூக்குப்பாத்திரத்தைக் காட்டினான். வகுப்புத் தலைவி கேட்டாள், எட்டாம் வகுப்பில் நீ என்ன செய்தாய் என்று. ஏன் கேட்கிறாய் என்றான். எல்லாரும் சொல்லிவிட்டோம், நீ மட்டும்தான் பாக்கி என்றாள். கொஞ்சம் யோசித்தான். "இங்கேதான் இருந்தேன். இதே கம்பெனிதான்" என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இரவு எட்டரைக்கு ஊர் சேர்ந்தோம். டிரைவர் பஞ்சருக்கு இருநூறு கேட்டார். வகுப்புத் தலைவி, வராத ஏசிக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டாள். கால் மணி நேரம் நடந்தது அந்த வழக்கு; நூறில் முடிந்தது.

தேர்வு முடிவு மே 9 என்று அறிவித்திருக்கிறார்கள். பாஸானவர்கள் காலையிலேயே போன் செய்துவிடுவார்கள். போன் வராத வீடுகளுக்குப் பத்து மணிக்கு மேல் நான் சைக்கிளை எடுக்க வேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க அவகாசம் குறைவு, இவர்களில் சிலர் அன்று மாலையே ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுகிறவர்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது.